சுட்டேன் – படவில்லை

கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற கணினி விளையாட்டு வெளிவந்து 25 ஆண்டுகள் கடந்துவிட்டன. 1999 ஜூனில் இலவசமாக இணையத்தில் இறக்கிவிடப்பட்ட அந்த ஆட்டத்தை என் மகன் கல்லூரி நாட்களில் விளையாடினான். இப்போது என் பேரன் விளையாடுகிறான். நடுவில் எத்தனையோ செல்போன் மாடல்கள் வந்து போயின, கணினியே நாலு தடவை உருமாறியது. இந்த ஆட்டம் மட்டும் போகவில்லை. 2023-இல் ஒரே நேரத்தில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள் என்று படித்தேன். அது 2011 கணக்கெடுப்பின்படி எங்கள் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் மொத்த மக்கள் தொகையைவிட அதிகம்.

வழக்கமாக ஆனந்தரங்கப் பிள்ளை, பழைய செக்ரெட்டேரியட் கதைகள், பிரெஞ்சு இலக்கணத் தொல்லைகள் என்று எழுதுகிறவன் துப்பாக்கி ஆட்டத்துக்கு வந்துவிட்டேனே என்று நினைக்க வேண்டாம். இதுவும் சரித்திரம்தான். சண்டையை விளையாட்டாக்கும் பழக்கத்துக்கு மிக நீண்ட சரித்திரம் உண்டு. அதில் ஒரே ஒரு சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தச் சிக்கலை நம்மில் எல்லோரும் எட்டு வயதிலேயே பார்த்திருக்கிறோம்.

கள்ளன் போலீஸ் ஆடாத பையன் உண்டா? தென்னை மட்டையில் ஒரு துப்பாக்கி, இல்லாவிட்டால் இரண்டு விரல். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த நாங்கள் "பாங், பாங்" என்போம், ஏனென்றால் எங்கள் படக்கதைப் புத்தகங்களில் துப்பாக்கி அப்படித்தான் வெடிக்கும். பக்கத்துத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளின் துப்பாக்கி "டுமீல்" என்று வெடிக்கும். சத்தம் எதுவானாலும் அடுத்த வசனம் ஒன்றுதான்.

"சுட்டுட்டேன், நீ அவுட்டு!"

"இல்ல, படல!"

அவ்வளவுதான், ஆட்டம் நின்றுவிடும். பந்தாட்டத்தில் பந்து கோட்டைத் தாண்டியதை நாலு பேர் பார்க்கலாம். கற்பனைக் குண்டு எங்கே போனது என்று யார் சொல்வது? முக்கால்வாசி நேரம் சண்டை போடுவதில்தான் போகும், ஆட்டம் கால்வாசிதான்.

எங்கள் முத்தியால்பேட்டை வீதியில் அதற்கு ஒரு தீர்வு இருந்தது. சொல்தா தாத்தா. வெளியூர் வாசகர்களுக்காக: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து அந்த நாட்டு பென்ஷன் வாங்குகிறவரைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். பிரெஞ்சில் 'சொல்தா' என்றால் சிப்பாய். இவர் இந்தோசீனாவில், அதாவது இன்றைய வியட்நாமில், பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் நின்று சண்டை போட்டுத் திரும்பியவர். மாலையில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். எங்கள் தகராறு முற்றினால் கைத்தடியைத் தூக்குவார். "டேய், நீ செத்துட்ட. வந்து இங்க உக்காரு." அப்பீல் கிடையாது. செத்தவர்கள் வரிசையாக அவர் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்து மீதி ஆட்டத்தை வேடிக்கை பார்க்க வேண்டும். செத்தவன் எழுந்து ஓடினால் அன்றைக்கு ஆட்டம் கலைந்தது. அதில் மட்டும் அவர் மிகவும் கண்டிப்பு.

ஒருநாள் எங்களில் ஒருவன், "தாத்தா, நீங்க நெசத்துல எத்தினி பேரச் சுட்டீங்க?" என்று கேட்டுவிட்டான். அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார். ஒரு வாரம் திண்ணைக்கு வரவில்லை. நடுவர் இல்லாமல் நாங்கள் கோலிக்கு மாறிவிட்டோம்.

இனி சரித்திரத்துக்கு வருகிறேன்.

பள்ளியில் எங்களுக்கு 1870-ஆம் ஆண்டு யுத்தம் விரிவான பாடம். பிரஷ்யர்களிடம் பிரான்ஸ் தோற்றது, செதான் நகரில் மூன்றாம் நெப்போலியன் பிடிபட்டது, அல்சாஸ் போனது. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் அதைத் தன் சொந்தத் துக்கம் போலவே சொல்வார். ஜெயித்த பிரஷ்ய அதிகாரிகள் பல்லாண்டுகளாக ஒரு மேஜை விளையாட்டை ஆடிக் கொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அதன் பெயர் கிரீக்ஷ்பீல். ஜெர்மன் மொழியில் போர் விளையாட்டு என்றே பொருள். ரைஸ்விட்ஸ் என்ற பிரபு 1812-இல் அரசர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமுக்கு ஒரு மேஜையைச் செய்து கொடுத்தார். மலை, ஆறு, காடு எல்லாம் சின்னச் சின்னக் கட்டைகளாக. அவர் மகன் பீரங்கிப் படையில் லெப்டினன்ட். அவர் அந்த மேஜையை விட்டுவிட்டு உண்மையான நிலப்படங்களின் மேல் ஆடும்படி விதிகளை எழுதி 1824-இல் வெளியிட்டார். படைத்தலைமை அதிகாரி முஃப்லிங் முதலில் அலட்சியமாகப் பார்க்கத் தொடங்கி, பின்பு சொக்கிப் போய் ராணுவம் முழுவதற்கும் சிபாரிசு செய்தார் என்பது வரலாறு.

சதுரங்கத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சதுரங்கத்தில் எதிரியின் காய்கள் அத்தனையும் கண்ணுக்குத் தெரியும். யுத்தத்தில் தெரியாது. ஆகவே லெப்டினன்ட் ரைஸ்விட்ஸ் நடுவில் ஒரு நடுவரை வைத்தார். இரண்டு கட்சியும் தங்கள் உத்தரவுகளை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். யாருக்கு எது தெரிந்திருக்குமோ அதை மட்டும் அவர் காட்டுவார். குண்டு பட்டதா படவில்லையா என்பதற்குத் தாயக்கட்டையும் நஷ்ட அட்டவணையும் உண்டு. எல்லாம் பக்காவாக இருந்தது, ஒன்றைத் தவிர. அட்டவணைகள் அத்தனை சிக்கல். நடுவர் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் ஆட்டக்காரர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். 1876-இல் வெர்டி து வெர்ன்வா என்ற பிரஷ்ய அதிகாரி (பெயர் பிரெஞ்சுப் பெயர், ஆள் ஜெர்மன்) தாயமும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம், அனுபவசாலியான நடுவர் சொல்வதே தீர்ப்பு என்று மாற்றிவிட்டார். அதாவது, சொல்தா தாத்தாவின் கைத்தடி முறை.

ஆக, சண்டை விளையாட்டுக்கு இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, நியாயமான, ஆனால் நத்தை வேகக் கணக்கு. இன்னொன்று, வேகமான, ஆனால் ஒரு மனிதரின் தயவில் நடக்கும் தீர்ப்பு. கணினி வரும் வரை மூன்றாவது வழி இல்லை.

1993 டிசம்பரில் டூம் என்ற ஆட்டம் அமெரிக்காவில் வெளிவந்தது. துப்பாக்கி பிடித்த கை மட்டும் திரையில் தெரியும். நம் கண்ணே அந்த ஆளின் கண். ஒரே கட்டடத்தில் கம்பியால் இணைத்த கணினிகளில் நாலு பேர் வரை ஒருவரை ஒருவர் வேட்டையாடலாம். பல கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் நெட்வொர்க் திணறி, டூமுக்குத் தடை உத்தரவு போட்டார்கள். ஒரு குமாஸ்தாவாக அந்த உத்தரவை எழுதிய மேலதிகாரிகளின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. எங்கள் ஆபீசில் கணினி வந்த புதிதில் சீட்டாட்டத்துக்கே சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது.

டூமில் குண்டு பட்டதா என்ற கேள்விக்கு இடமே இல்லை. எந்திரம் ஒரு விநாடியில் பல முறை கணக்குப் போட்டுவிடும். நடுவருக்கு லஞ்சம் கொடுக்க முடியாது, கெஞ்ச முடியாது, அவர் கோபித்துக் கொண்டு உள்ளே போகவும் மாட்டார். ரைஸ்விட்ஸின் அட்டவணையும் வெர்டியின் வேகமும் ஒரே பெட்டியில் வந்து சேர்ந்தன. ராணுவம் இதைக் கவனிக்காமல் இருக்குமா? 1996-இல் அமெரிக்க மரைன் படையினர் டூமின் இரண்டாம் பாகத்தை எடுத்து, பேய்களுக்குப் பதில் சிப்பாய்களை வைத்து, நாலு பேர் கொண்ட குழுக்களுக்குப் பயிற்சியாக மாற்றினார்கள். 1824-இல் நடந்ததே மறுபடியும்.

இதுவரை நான் சொன்னது கருவியின் கதை. எத்தனையோ துப்பாக்கி ஆட்டங்கள் இதற்குப் பின் வந்தன, மறைந்தன. கவுன்டர் ஸ்ட்ரைக் மட்டும் ஏன் நின்றது?

அதை உருவாக்கியவர் மின் லே. வியட்நாமிய வம்சாவளிக் கனடியர், அப்போது கல்லூரி மாணவர். அவருடன் ஜெஸ் கிளிஃப் என்ற இன்னொரு இளைஞர். ஹாஃப்-லைஃப் என்ற பிரபல ஆட்டத்தை எடுத்து, அதன் மேல் தங்கள் ஆட்டத்தைக் கட்டினார்கள். பழைய வீட்டின் அஸ்திவாரத்தில் புது வீடு கட்டுவது போல. சம்பளம் கிடையாது. 2000-இல் ஹாஃப்-லைஃபின் சொந்தக்காரர்களான வால்வ் கம்பெனி இருவரையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டு ஆட்டத்தையும் வாங்கிவிட்டது. லே என்ற வியட்நாமியப் பெயரைப் பார்த்தபோது எனக்குத் திண்ணை ஞாபகம் வந்ததைத் தவிர்க்க முடியவில்லை. 1954 மே மாதம் தியன் பியன் ஃபூவில் பிரெஞ்சுப் படை வியட்நாமியரிடம் சரணடைந்தது. அதே ஆண்டு நவம்பர் முதல் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. இரண்டு ஊர்க்காரர்களுக்கும் அந்த ஆண்டு மறக்காது.

ஆட்டம் இதுதான். ஒரு பக்கம் ஐந்து பயங்கரவாதிகள், மறுபக்கம் ஐந்து அதிரடிப்படையினர். முன்னவர்கள் குறிப்பிட்ட இரண்டு இடங்களில் ஒன்றில் வெடிகுண்டு வைக்க வேண்டும். பின்னவர்கள் தடுக்க வேண்டும், அல்லது வைத்த குண்டைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். வைத்தபின் 40 விநாடியில் வெடிக்கும். ஒரு ரவுண்டு பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கதை கிடையாது. கதாநாயகன் கிடையாது. ஏன் குண்டு வைக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இதைக் கேட்டதும் உங்களுக்கு எது நினைவு வருகிறதோ தெரியாது, எனக்கு ஆடுபுலி ஆட்டம். கோயில் மண்டபத் தரைகளில் முக்கோணமாகக் கீறி வைத்திருப்பார்களே, அதே. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி வெட்ட வேண்டும், ஆடு அடைக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் வேலை வேறு, பலம் வேறு. ஒரு ஆட்டம் முடிந்ததும் புலிக்காரர் ஆட்டுக்காரர் ஆவார். புலியாக ஆடுகிறவர் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. கவுன்டர் ஸ்ட்ரைக்கிலும் பாதி ஆட்டத்தில் பக்கம் மாற வேண்டும். பயங்கரவாதியாக இருந்தவன் அடுத்த நிமிடமே போலீஸ். ஏகே-47 பயங்கரவாதிக்கு மட்டும் விற்பனை. போலீசுக்கு வேறு துப்பாக்கிகள், அதில் பிரான்சின் ஃபமாஸும் ஒன்று. போலீஸ் உடுப்புகளில் பிரெஞ்சு ஜாந்தார்மெரியின் ஜி.ஐ.ஜி.என். அதிரடிப் படையும் உண்டு. புதுச்சேரிக்காரனுக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.

துப்பாக்கி சும்மா கிடைக்காது, வாங்க வேண்டும். பணக் கணக்கு இந்த ஆட்டத்தின் பாதி. ஆரம்பத்தில் கையில் 800 டாலர், ஏகே-47 விலை 2,700. ஜெயித்தால் நிறையப் பணம். தோற்றவனுக்கும் கொஞ்சம் உண்டு, தொடர்ந்து தோற்றால் அந்த நிவாரணம் ஏறிக்கொண்டே போகும். எனவே, இந்த ரவுண்டில் வெறும் கைத்துப்பாக்கியோடு தோற்றுப் போவோம், பணத்தைச் சேர்த்து அடுத்ததில் பார்ப்போம் என்று ஐந்து பேரும் ஒத்துப்பேச வேண்டும். ஒருவன் மட்டும் அவசரப்பட்டு வாங்கிவிட்டால் மற்ற நால்வரும் கத்துவார்கள். பேரன் கத்துவதில் பெரும்பகுதி எதிரியைப் பார்த்து இல்லை, தன் கட்சியின் செலவுக் கணக்கைப் பற்றித்தான் என்று தெரிந்த அன்று எனக்கு அவன் மேல் தனி மரியாதை வந்தது. முப்பது வருஷம் பில் பாஸ் செய்தவன் நான்.

ஆனால், என் பார்வையில் இந்த ஆட்டத்தின் உயிர் வேறொரு விதியில் இருக்கிறது. அந்தக் காலத்து மற்ற பல ஆட்டங்களில் செத்தவன் இரண்டு விநாடியில் வேறு மூலையில் முளைத்துவிடுவான். ஆகவே சாவுக்கு விலையே இல்லை, சும்மா ஓடிக்கொண்டே சுடலாம். இங்கே அப்படி இல்லை. செத்தால் செத்ததுதான், அந்த ரவுண்டு முடியும் வரை. உட்கார்ந்து மிச்சமுள்ள தோழர்களை வேடிக்கை பார்க்க வேண்டும். திண்ணை!

இதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் நாலு பேர் செத்து ஒருவன் மட்டும் நிற்கிறான். எதிரில் மூன்று பேர். செத்த நாலு தோழர்களும் மூச்சுப் பிடித்துக்கொண்டு அந்த ஒருவனையே பார்க்கிறார்கள். அவனுக்கு அது தெரியும். காலடிச் சத்தம் எதிரிக்குக் கேட்கும் என்பதால் மெதுவாக நடக்கிறான். ஒன்றரை நிமிடத்தில் ஒரு நாடகம், ஆடுகிறவனும் ரசிகனும் மாறி மாறி. பேரன் அறையில் நிலவும் அந்த திடீர் நிசப்தத்தைக் கேட்டால் நானே செய்தித்தாளைக் கீழே வைத்துவிடுவேன்.

ஆடுகளமும் மாறவில்லை. டஸ்ட்-2 என்று ஒரு மேப். மணல் நிறச் சுவர்கள், வளைவுகள், மரக் கதவுகள், எங்கோ அரபு நாட்டு ஊர் போல. டேவ் ஜான்ஸ்டன் என்ற இங்கிலாந்து இளைஞர், பதின்ம வயதில், தன் முதல் டஸ்ட் மேப்புக்குத் தொடர்ச்சியாக அதைச் செய்தார். 2001-இல் வந்தது. 2017-இல் சீரமைப்புக்காகப் போட்டிப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், புதுச் சுண்ணாம்பு அடித்துத் திரும்பவும் கொண்டுவந்தார்கள். இன்னும் ஆடுகிறார்கள். என் மகன் 2004 வாக்கில் நெட் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து ஓடிய அதே சந்தில் பேரன் ஓடுகிறான். அன்றொரு நாள் அப்பன் பின்னால் நின்று, "லாங் பக்கம் போகாதடா, கதவு கிட்ட ஒருத்தன் ஒளிஞ்சிருப்பான்" என்றான். இருந்தான்.

வேறு கம்பெனிகள் ஆண்டுக்கொரு புது யுத்தம், புது நாடு, புதுக் கதை என்று விற்கிறார்கள். அவை சினிமா மாதிரி, பார்த்து முடித்தால் முடிந்தது. பழகிய சந்தில், பழகிய விதியில், ஆள் மட்டும் மாறி ஆடுவது கபடி மாதிரி. கபடிக்கு யாராவது இரண்டாம் பாகம் கேட்டார்களா?

எந்திர நடுவர் வந்ததால் "படல" என்ற சண்டை ஒழிந்ததா என்றால், அங்கேதான் சுவாரசியம். இணையத்தில் ஆடும்போது என் கிளிக் சர்வரைச் சென்றடையச் சிறிது நேரம் ஆகும். விநாடியில் பத்தில் ஒரு பங்கு என்றாலும் அதற்குள் எதிரி நகர்ந்திருப்பான். நான் பார்த்துச் சுட்ட இடத்தில் இப்போது வெறும் சுவர். யார் சொல்வது சரி? இதற்கு வால்வ் போன்றவர்கள் கண்ட வழியை எங்கள் ஆபீஸ் தபால் பிரிவை வைத்துச் சொல்கிறேன். விண்ணப்பம் சேர வேண்டிய கடைசித் தேதி 30. கடிதம் வந்தது 2-ஆம் தேதி. ஆனால், உறையில் அஞ்சல் முத்திரை 29. இரக்கமுள்ள கண்காணிப்பாளர் முத்திரைத் தேதியை எடுத்துக்கொள்வார். சர்வரும் அப்படியே. என் கிளிக் வந்ததும், அது புறப்பட்ட நேரத்துக்கு எல்லோரையும் மனதுக்குள் பின்னோக்கி நகர்த்தி, அப்போது நான் பார்த்தது சரியென்றால் குண்டு பட்டதாகவே தீர்ப்பளிக்கும். எனக்கு நியாயம். சுவருக்குப் பின்னால் வந்து பெருமூச்சு விட்டபின் செத்துப்போகிற எதிரிக்கு? அவன் அங்கே "இல்ல, படல!" என்று கத்திக் கொண்டிருப்பான். அவன் சொல்வதும் உண்மையே. இருநூறு ஆண்டு முயற்சிக்குப் பிறகும் அந்தச் சண்டை பாக்கி இருப்பதில் எனக்கென்னவோ ஒரு திருப்தி.

இனி எனக்குப் பிடிக்காததையும் சொல்ல வேண்டும்.

2002 ஜூலை 4 அன்று அமெரிக்க ராணுவமே அமெரிக்காஸ் ஆர்மி என்று ஒரு இலவச ஆட்டத்தை வெளியிட்டது. ஆள் சேர்ப்பதற்காக என்பதை அவர்கள் மறைக்கவும் இல்லை. அதில் ஒரு தந்திரம். எந்தக் கட்சியில் நீங்கள் ஆடினாலும் உங்கள் கண்ணுக்கு நீங்கள் அமெரிக்கச் சிப்பாய், எதிரில் இருப்பவன் அந்நியன். அவன் திரையில் அவன் அமெரிக்கச் சிப்பாய், நீங்கள் அந்நியன். யாரும் எப்போதும் புலியாக வேண்டியதில்லை. கள்ளன் போலீசில் எல்லோரும் போலீஸ்! ஆடுபுலி ஆட்டம் கற்றுக்கொடுக்கும் ஒரே நல்ல பழக்கம், எதிரியின் பக்கத்திலிருந்து பலகையைப் பார்ப்பது. அதையே பிடுங்கிவிட்டார்கள். 2022-இல் அந்த ஆட்டத்தை மூடிவிட்டார்கள். நான் வருத்தப்படவில்லை.

அந்த ஆட்டத்துக்குள் நடந்த ஒரு செயல் மட்டும் என் மனதை விட்டுப் போவதில்லை. ஜோசப் டிலாப் என்பவர் அப்போது அமெரிக்காவில் கலைப் பேராசிரியர். 2006 மார்ச்சில், இராக் யுத்தம் தொடங்கி மூன்றாண்டு ஆனபோது, 'இராக்கில் இறந்தவன்' என்ற பொருள் தரும் பெயரில் உள்ளே நுழைந்தார். துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு நின்றார். எல்லோரும் பேசிக்கொள்ளும் அரட்டைப் பெட்டியில், இராக்கில் உண்மையாகவே மாண்ட அமெரிக்கச் சிப்பாய்களின் பெயர், வயது, படைப்பிரிவு, இறந்த தேதி ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தார். மற்றவர்கள் அவரைச் சுடுவார்கள். அடுத்த ரவுண்டுக்காகக் காத்திருக்கும் நேரத்திலும் தட்டிக்கொண்டிருப்பார். சிலர் திட்டினார்கள், சிலர் ஆட்டத்தை விட்டே விரட்டினார்கள். ஆண்டுக் கணக்கில் இதைச் செய்தார்.

எங்கள் கடற்கரைச் சாலையில் முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பிய நினைவுச் சின்னம் இருக்கிறது. நவம்பர் 11 அன்று அங்கே மாலை வைப்பார்கள். பதக்கம் குத்திய கிழவர்கள் வெயிலில் நிற்பார்கள், வருஷா வருஷம் தலை குறையும். அந்தப் பேராசிரியர் செய்ததும் அதே காரியம். ஆனால், மாலை வைக்கிறவனையே சுடுவதற்கு ஆள் இருக்கும் இடத்தில் போய்ச் செய்தார். சொல்தா தாத்தா அந்த ஒரு வாரம் உள்ளே உட்கார்ந்து என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு ஓரளவு விளங்கியது இதைப் படித்த பிறகுதான். எங்கள் ஆட்டத்தில் செத்தவர்களை அவர் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். அவருடைய செத்தவர்கள் எங்கே உட்கார்ந்தார்களோ.

இன்னொரு வருத்தம், பணம். ஆட்டத்துக்குள் இருக்கும் பொய்ப் பணத்தைச் சொல்லவில்லை, நிஜப் பணம். 2013 ஆகஸ்டில் துப்பாக்கிக்கு வண்ணப் பூச்சு விற்கத் தொடங்கினார்கள். பூச்சால் குண்டு வேகமாகப் போகாது, வெறும் அழகு. ஆனால், அதைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்து, சாவியைக் காசுக்கு விற்கிறார்கள். உள்ளே என்ன என்பது திறந்தால்தான் தெரியும். புதுச்சேரியில் லாட்டரிச் சீட்டு எத்தனை குடும்பத்தைத் தின்றது என்று பார்த்த எனக்கு இதற்கு வேறு பெயர் தெரியவில்லை. 2018-இல் பெல்ஜியம் இது சூதாட்டமே என்று அறிவித்தது. 2019-இல் பிரான்சில் மட்டும், பெட்டியை வாங்குமுன் உள்ளே எட்டிப் பார்க்க ஒரு வசதி செய்தார்கள். பார்த்ததை வாங்கினால்தான் அடுத்த பெட்டியைப் பார்க்கலாம் என்று ஒரு சூட்சுமத்தோடு. பேரனுக்கு நான் போட்டிருக்கும் ஒரே தடை இந்தப் பெட்டிதான். எத்தனை பேரை வேண்டுமானாலும் சுடு, சாவி வாங்காதே என்றிருக்கிறேன். மருமகளுக்கு இந்த வரிசைமுறை அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

நம் தெருப் பிள்ளைகள் பெரும்பாலும் செல்போன் ஆட்டக்காரர்கள். பப்ஜி 2020 செப்டம்பரில் தடையானது, அடுத்த ஆண்டு வேறு பெயரில் வந்தது, 2022-இல் மறைந்தது, 2023-இல் மறுபடி வந்தது. சீன எல்லைத் தகராறு, தகவல் பாதுகாப்பு என்று அரசாங்கம் சொன்ன காரணங்கள் வேறு. தெருமுனையில் கிழவர்கள் சொன்ன காரணம், பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள் என்பது. நூறு பேரை ஒரு தீவில் இறக்கி ஒருவன் மிஞ்சும் அந்த ஆட்டம் எனக்கு ருசிக்கவில்லை. அதில் திண்ணை இல்லை. செத்தவர்களில் பலர் உடனே வேறு ஆட்டத்துக்குப் போய்விடுகிறார்கள்.

என் தங்கை குடும்பம் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவள் பேரனும் என் பேரனும் ஒரே வயது, நேரில் பார்த்தது இரண்டு கோடை விடுமுறை மட்டும். அவனுக்குத் தமிழ் தடுமாறும், இவனுக்கு என் பிடிவாதத்தால் கொஞ்சம் பிரெஞ்சு வரும். 2023 மே மாதம் பாரிஸ் பெர்சி அரங்கில் கவுன்டர் ஸ்ட்ரைக்கின் பெரிய போட்டி நடந்து, விட்டாலிட்டி என்ற பிரெஞ்சுக் குழு கோப்பையை வாங்கியது. தங்கை பேரன் அங்கே கூட்டத்தில் இருந்தான். இவன் இங்கே நடு ராத்திரியில் திரைக்கு முன்னால் கத்தி, என்னை எழுப்பி, "தாத்தா, ஜெயிச்சிட்டோம்" என்றான். யார் நாம் என்று நான் கேட்கவில்லை. 1998-இல் பிரான்ஸ் கால்பந்துக் கோப்பை வாங்கியபோது நானும் அப்படித்தான் வீதியில் கத்தினேன்.

சனிக்கிழமை தோறும் இரண்டு பேரும் ஒரே கட்சியில் ஆடுகிறார்கள். குளிர்காலத்தில் அவனுக்கும் இவனுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், ஆகவே இங்கே சாப்பாடு முடிந்த பிறகு. பாட்டிக்கு முழங்கால் ஆபரேஷன் என்ற செய்தி எனக்கு முதலில் வந்தது அப்படித்தான். தங்கை போனில் சொல்ல மறைத்ததை அவன் செத்துப்போய் ரவுண்டு முடியக் காத்திருந்த நேரத்தில் இவனிடம் சொல்லியிருக்கிறான்.

ஆட்டம் எந்தப் பக்கத்து சர்வரில் அமைகிறதோ அந்தப் பக்கத்துக்காரனுக்குத்தான் சாதகம். ஐரோப்பாவில் அமைந்தால் இவன் சுட்டது தாமதமாகப் போகும், இந்தியாவில் அமைந்தால் அவன் புலம்புவான். போன வாரம் ஐரோப்பா. ஆட்டம் முடிந்து வெளியே வந்தவன், சுவருக்குப் பின்னால் போன பிறகும் தன்னைச் சுட்டுவிட்டார்கள் என்று அரை மணி நேரம் என்னிடம் வழக்காடினான். நான் கைத்தடியைத் தூக்கிக் காட்டினேன். அவனுக்கு எதற்கென்று தெரியவில்லை.